மின்சாரம் நின்றபின் எத்தனை நிமிடம்?

வீட்டிலும் ஆக்சிஜன் தொடர வேண்டும் என்று எழுதிக்கொடுத்து ஒரு நோயாளியை அனுப்பும் நாளில், அவருடைய மகனோ மகளோ நுரையீரல் பிரிவின் வாசலில் நின்று கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "கரண்ட் போனால் என்ன செய்வது டாக்டர், எந்த இன்வெர்ட்டர் வாங்கலாம்?" இதன் முற்பாதி மருத்துவரிடம் கேட்க வேண்டியதுதான். பிற்பாதியை அவர்கள் அன்று மாலையே கடைக்காரரிடமும் கேட்பார்கள். அவர் உடனே விடை சொல்லிவிடுவார். வீட்டில் எத்தனை மின்விசிறி, எத்தனை விளக்கு என்று எண்ணிச் சொல்லும் விடை அது. கட்டிலில் படுத்திருப்பவரின் நுரையீரல் அந்தக் கணக்கில் வராது.

நோயாளி இருக்கும் வீட்டில் மின்தடைக்கான மாற்று ஏற்பாடு மருந்துச் சீட்டின் ஒரு பகுதி என்பது என் கருத்து. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதும் கையே, கருவி நின்றுபோனால் இவர் எவ்வளவு நேரம் தாங்குவார் என்பதையும் எழுத வேண்டும். அந்த ஒரு விடை கையில் இருந்தால் எதை வாங்குவது, எவ்வளவு செலவழிப்பது என்னும் மற்றவையெல்லாம் எளிதில் தீர்ந்துவிடும். அது இல்லாமல் வாங்கப்படும் இன்வெர்ட்டர் சிலருக்குத் தேவைக்கு மிஞ்சியதாகவும், சிலருக்கு ஆபத்தான அளவுக்குக் குறைந்ததாகவும் அமைந்துவிடுகிறது.

தாங்கும் நேரம் நோய்க்கு நோய் வெகுவாக மாறும். புகைபிடித்தோ, ஆண்டுக்கணக்கில் விறகடுப்புப் புகையில் நின்றோ வந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். இவர்களுக்கு நீண்டகால ஆக்சிஜன் ஆயுளை நீட்டிக்கும் என்பதை 1980, 1981 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான இரு ஆய்வுகள் நிறுவின. நாளொன்றுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆக்சிஜன் எடுக்கச் சொல்வது அவற்றின் அடிப்படையில்தான். அதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாளில் சில மணி நேரம் ஆக்சிஜன் இல்லாமல் இருப்பதை அந்த மருத்துவமுறையே ஏற்றுக்கொள்கிறது. நோய் நிலையாக இருக்கும் ஒருவர் அரைமணி நேர மின்தடையின்போது பேசாமல், நடக்காமல், சாய்ந்து உட்கார்ந்து உதடு குவித்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் நேர்ந்துவிடாது. கரண்ட் போனதும் வீடே பதறி அவரையும் பதற வைப்பதுதான் அந்த நேரத்தில் கூடுதல் கேடு; பதற்றத்தில் மூச்சு வேகமாகும், அடைப்பு நோயில் வேகமான மூச்சு நுரையீரலுக்குள் காற்றைச் சிறைப்படுத்தும்.

நுரையீரல் தழும்பு நோயின் கதை வேறு. இவர்களில் பலருக்கு ஆக்சிஜன் குழாயைக் கழற்றிக் கழிவறைக்குச் சென்று திரும்புவதற்குள் ஆக்சிமீட்டர் எண் 90இலிருந்து 70களுக்கு இறங்கிவிடும். ஐந்து லிட்டர், எட்டு லிட்டர் என்று ஓடிக்கொண்டிருப்பவருக்கு ஐந்து நிமிடத் தடையே நீண்ட நேரம்.

தசைச் சோர்வு நோய்களாலோ நரம்பு நோய்களாலோ இரவில் பை-பாப் கருவியின் துணையோடு மூச்சு விடுபவர்கள் மூன்றாம் வகை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீடுகளில் பயன்படும் பை-பாப் கருவிகள் பெரும்பாலானவற்றில் உள்ளேயே பேட்டரி கிடையாது. மின்சாரம் நின்றதும் கருவி நிற்கும். ஆனால் முகமூடி முகத்திலேயே இருக்கும். ஓடாத கருவியோடு இணைந்த முகமூடிக்குள் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரிடும். பல முகமூடிகளில் இதற்கெனப் பாதுகாப்பு வால்வு உண்டு என்றாலும் அதை நம்பி இருக்கலாகாது. முகமூடியை உடனே கழற்ற வேண்டும். கை தூக்க இயலாத நோயாளியால் அதைத் தாமாகச் செய்ய முடியாது. ஆகவே, அந்த அறையில் ஒருவர் படுத்துக்கொள்வதும், கருவியின் எச்சரிக்கை ஒலி அவரை எழுப்பும் அளவுக்கு இருப்பதும் இன்வெர்ட்டருக்கு முன்பே செய்ய வேண்டிய ஏற்பாடுகள். தொண்டையில் துளையிட்டு நாள் முழுதும் வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கோ, ஒரு மாற்று ஏற்பாடு போதாது. முதலாவது தவறினால் இரண்டாவது, அதுவும் தவறினால் கையால் அழுத்தும் ஆம்பு பை, அதை அழுத்தப் பழகிய இருவர் என்று அடுக்கடுக்காக வேண்டும்.

இந்தத் தாங்கும் நேரத்தை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. வீடு திரும்புவதற்கு முதல் நாள் வார்டிலேயே, செவிலியர் அருகில் இருக்க, ஆக்சிஜனை நிறுத்தி எத்தனை நிமிடத்தில் எண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிடலாம். ஓய்விலும் பார்க்கலாம், பத்தடி நடக்க வைத்தும் பார்க்கலாம். அந்தச் சோதனையைச் செய்து காட்டுமாறு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தயங்காமல் கேளுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வீட்டில் நீங்களாக இதைச் செய்து பார்க்கக் கூடாது.

மின்சாரமே தேவைப்படாத மாற்று வழிகள் சிலவற்றுக்கு ஏற்கெனவே உண்டு. அவற்றுக்காக இன்வெர்ட்டரைப் பெரிதாக்க வேண்டாம். நெபுலைசர் ஓடாவிட்டால் அதே வகை மருந்தை இன்ஹேலரில் ஸ்பேசர் குழாய் பொருத்தி எடுக்கலாம். முறையாக எடுத்தால் பலன் குறையாது. சளி உறிஞ்சும் கருவியில் காலால் மிதித்து இயக்கும் வகை கிடைக்கிறது. இன்சுலினுக்காகக் குளிர்பதனப் பெட்டியை இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள், வேண்டாம். கதவைத் திறக்காமல் வைத்தால் அந்தப் பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர்ச்சியைத் தக்கவைக்கும். அதற்கு மேல் நீண்டால் ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு டப்பாவில் வைத்த இன்சுலின் கெடாது.

இனி மின்தடையைப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாடு பட்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத ஊர்கள் அன்று உண்டு. இன்வெர்ட்டர் என்னும் சொல் நம் வீட்டுச் சொல்லானது அப்போதுதான். இன்று நிலைமை அப்படி இல்லை. ஆனால் அன்று வாங்கிய பழக்கம் மட்டும் தொடர்கிறது: ஒரு மணி நேரம் விளக்கு எரிந்து, விசிறி சுற்றி, தொலைக்காட்சித் தொடர் பாதியில் நிற்காமல் இருந்தால் போதும் என்ற கணக்கில்தான் இன்றும் பேட்டரி வாங்குகிறோம். ஆக்சிஜன் செறிவூட்டி உள்ள வீட்டுக்கு இன்றைய முக்கியமான மின்தடை பராமரிப்புப் பணிக்காக முன்னறிவித்துச் செய்யும் மின்நிறுத்தம். காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் பிற்பகல் 2 மணிக்குத்தான் வரும். சில நாள்களில் மாலை வரையும் நீளும். குறைந்தது ஐந்து மணி நேரம். உங்கள் ஏற்பாடு இந்த ஐந்து மணி நேரத்தைத் தாண்டுகிறதா என்பதே முதல் தேர்வு.

கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம். ஐந்து லிட்டர் செறிவூட்டி ஒன்று ஏறத்தாழ 300 முதல் 400 வாட் வரை மின்சாரம் எடுக்கும். பத்து லிட்டர் கருவி 600 வாட்டை ஒட்டி எடுக்கும். கருவியின் பின்புறத் தகட்டில் இது அச்சிடப்பட்டிருக்கும். வாட் இல்லாமல் ஆம்பியர் மட்டும் குறித்திருந்தால் 230ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் வழக்கமாக உள்ள 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டளவில் 1800 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. இன்வெர்ட்டரில் இழப்பு உண்டு, பேட்டரியை முழுவதும் வடிக்க முடியாது, வேகமாக எடுக்க எடுக்க அது தரும் மொத்த அளவும் குறையும். இவற்றைக் கழித்துவிட்டால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். 350 வாட் கருவிக்கு அது மூன்று மணி நேரம், மிஞ்சினால் மூன்றரை. கூடவே இரண்டு மின்விசிறியும் நான்கு விளக்கும் ஓடினால் இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். இதெல்லாம் புதுப் பேட்டரிக்கு. மூன்று கோடைகளைக் கண்ட பேட்டரி இதில் பாதியைத் தந்தாலே மகிழ்ச்சி கொள்ளலாம்.

அதாவது, கடைக்காரர் நல்ல மனத்தோடு கொடுக்கும் வழக்கமான ஏற்பாடு, காலை 9 மணிக்குத் தொடங்கும் மின்நிறுத்தத்தில் நண்பகலுக்கு முன்னமே கைவிட்டுவிடும். பிறகு மின்சாரம் வந்தாலும் ஈயப் பேட்டரி முழுதாக நிரம்பப் பத்து மணி நேரம் பிடிக்கும்; அன்றே இரவில் மறுபடி தடை வந்தால் அரைகுறைப் பேட்டரியோடுதான் சந்திக்க வேண்டும். இதைச் சரிசெய்ய இரண்டு பேட்டரிகளில் ஓடும் இன்வெர்ட்டரை வாங்குவது ஒரு வழி. ஐந்து மணி நேரத் தேவைக்கு அது போதும். இன்னொரு வழி மற்ற சுமைகளைக் குறைப்பது. பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. வகை விசிறிக்கு 30 வாட்டை ஒட்டிய அளவே போதும். நோயாளியின் அறை விசிறியை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். மூச்சுத் திணறுபவருக்கு முகத்தில் படும் காற்றே ஓர் ஆறுதல். அதை நிறுத்திச் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

பை-பாப் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு நல்ல செய்தி உண்டு. அந்தக் கருவிக்குப் பெரும்பாலும் 30 முதல் 60 வாட் போதும். ஈரப்பதத்துக்காக நீரைச் சூடாக்கும் பகுதிதான் மின்சாரத்தைத் தின்பது. மின்தடை நேரத்தில் அந்தச் சூட்டை மட்டும் அணைத்துவிட்டால் ஒரே பேட்டரி ஓர் இரவைத் தாண்டியும் ஓடும். ஓர் இரவு மூக்கு வறளும், அவ்வளவுதான்.

இன்வெர்ட்டரின் வகையைப் பற்றி ஒரு சொல். விலை குறைந்த சதுர அலை இன்வெர்ட்டரில் விளக்கு எரியும், விசிறி சற்று இரைச்சலோடு சுற்றும். செறிவூட்டியின் உள்ளே இருப்பது ஒரு கம்ப்ரஸர் மோட்டார். சதுர அலையில் அது சூடேறும், பழுதாகும். சைன் அலை இன்வெர்ட்டர் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மோட்டார் தொடங்கும் நொடியில் தன் வழக்கமான அளவைப் போலச் சில மடங்கு மின்சாரத்தை இழுக்கும் என்பதால், 350 வாட் கருவிக்கு 900 வி.ஏ.வுக்குக் குறைந்த இன்வெர்ட்டர் கூடாது. பல இன்வெர்ட்டர்களின் பின்னால் யு.பி.எஸ். என்றொரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டு வைத்தால் மின்சாரம் மாறும் இடைவெளி மிகக் குறைந்து, கருவி நின்று தொடங்கும் தொல்லை பெரும்பாலும் இராது. செறிவூட்டி நின்று தொடங்கினால் மறுபடி முழுத் தூய்மையான ஆக்சிஜனைத் தரச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. இன்வெர்ட்டர் பொருத்தும் எலெக்ட்ரீஷியன் விளக்கு, விசிறி இணைப்புகளை மட்டுமே இன்வெர்ட்டர் லைனில் சேர்ப்பது வழக்கம். கட்டிலருகே உள்ள பிளக் பாயின்ட் அதில் சேர்ந்திராது. மின்சாரம் போகும், வரவேற்பறையில் விளக்கு பளிச்சென்று எரியும், நோயாளியின் கருவி மட்டும் கூவிக்கொண்டிருக்கும். ஆகையால் அந்த ஒரு பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கச் சொல்லி, பேட்டரி பொருத்திய அன்றே மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்துவிடுங்கள். பிறகு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, நோயாளி நலமாக உள்ள ஒரு பகல் பொழுதில், சிலிண்டரைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, மெயினை அணைத்துக் கருவி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். பேட்டரியின் வயதை அதன்மேல் ஒட்டிய சீட்டைவிட இது சரியாகச் சொல்லும். வடிநீர் ஊற்றும் வேலைக்கும் அதே நாளை வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரி இருக்கும் இடமும் முக்கியம். ஈயப் பேட்டரி மின்னேற்றம் பெறும்போது ஹைட்ரஜன் வாயு கசியும். காற்றோட்டமில்லாத அறையில், அதுவும் ஆக்சிஜன் ஓடும் கட்டிலின் அடியில் அதை வைப்பது சற்றும் பொருந்தாது. வெள்ளம் புகும் பகுதியானால் தரையிலும் வைக்காமல் மேடை கட்டி ஏற்றிவிடுங்கள். லித்தியம் பேட்டரிக்கு இந்த வாயுத் தொல்லையும் வடிநீர் வேலையும் இல்லை. விரைவாக நிரம்பும், ஆழமாக வடித்தாலும் தாங்கும். விலை கூடுதல். அடிக்கடி தடைபடும் ஊரில் இருப்பவருக்கும், தொடர்ந்து கருவியை நம்பியிருப்பவருக்கும் அந்தக் கூடுதல் விலை வீணல்ல என்பேன்.

ஆனால், ஆக்சிஜன் நோயாளிகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இன்வெர்ட்டரை அல்ல, சிலிண்டரை. பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது. செறிவூட்டி வாங்கியதே சிலிண்டரிலிருந்து விடுபடத்தானே என்கிறார்கள். உண்மைதான். அன்றாடத்துக்குச் செறிவூட்டியே சிறந்தது. மின்தடைக்குச் சிலிண்டரைப்போல எளியது வேறில்லை. இடுப்பளவு உயரமுள்ள பி வகை சிலிண்டரில் ஏறத்தாழ 1500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் எடுப்பவருக்கு அது பன்னிரண்டு மணி நேரம். 5 லிட்டர் எடுப்பவருக்கு ஐந்து மணி நேரம். மின்கம்பி, பேட்டரி, சுவிட்ச் எதையும் அது நம்பியிருப்பதில்லை. செறிவூட்டியே பழுதானாலும் கைகொடுக்கும். அழுத்தமானி பாதி காட்டினால் பாதி வாயு மிச்சம் என்று பொருள். இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு இத்தனை நேர்மையாகப் பேசுவதில்லை.

ஒரே நிபந்தனை, திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். ரெகுலேட்டரைப் பொருத்துவது, சாவியால் வால்வைத் திறப்பது, அளவைச் சரிசெய்வது ஆகிய மூன்றையும் வீட்டில் இருவராவது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். மின்சாரம் நிற்பது இரவிலும் நேரும் அல்லவா? சாவியை சிலிண்டரின் கழுத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியிட்டு நிறுத்துங்கள். வால்வில் எண்ணெய்க் கையோ தைலக் கையோ படக் கூடாது. மின்தடை இரவுக்கே உரிய மற்றோர் எச்சரிக்கையும் உண்டு: ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய் விளக்கு, அகல் எதுவும் ஏற்றக் கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் அது ஊறிய போர்வையும் புடவையும் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். டார்ச் விளக்கு போதும்.

ஜெனரேட்டரைப் பற்றி நுரையீரல் மருத்துவர் என்ற முறையில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. தனி வீட்டில் நோயாளிக்காக வாங்கும் சிறு பெட்ரோல் ஜெனரேட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. மின்சாரம் நிற்பது பெரும்பாலும் மழையிலும் புயலிலும். மழையில் அதை வெளியே வைக்க மனம் வராது. போர்ட்டிகோவிலோ மாடிப்படியின் கீழோ வைப்பார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரால் இந்த நஞ்சையும் ஆக்சிஜனையும் பிரித்தறிய முடியாது. உடல் மூச்சின்றித் தவிக்கும்போதும் அது 97, 98 என்று காட்டிக்கொண்டிருக்கும். "எண் நன்றாகத்தானே இருக்கிறது" என்ற நிம்மதியில் தலைவலியையும் குமட்டலையும் மயக்கத்தையும் நோயின் குறையென்று எண்ணிவிடுவார்கள். ஜெனரேட்டர் ஓடும் வீட்டில் ஒரே நேரத்தில் இருவருக்குத் தலைவலி என்றால் உடனே எல்லாரும் வெளியேற வேண்டும். எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஏற்கெனவே ஜெனரேட்டர் இருக்குமானால், கதவு சன்னல்களிலிருந்து குறைந்தது இருபதடி தள்ளி, திறந்த வெளியில், புகை வீட்டுப் பக்கம் திரும்பாமல் வையுங்கள். சுவர் பிளக்கில் கம்பியைச் செருகி வீட்டுக்கு மின்சாரம் ஏற்றும் குறுக்கு வழியை யாரும் செய்ய வேண்டாம். அந்த மின்சாரம் வெளிக்கம்பிக்குப் பாய்ந்து, உங்களுக்காகக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிரைப் பறிக்கும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் "எங்களுக்கு ஜெனரேட்டர் உண்டு" என்பார்கள். அது லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டுமா, உங்கள் வீட்டு பிளக்குக்கும் உண்டா என்று சங்கச் செயலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூரையில் சூரியத் தகடு பொருத்தியவர்களுக்கும் ஒரு செய்தி: மின்வாரியக் கம்பியோடு இணைந்த, பேட்டரி இல்லாத வகை, மின்தடையின்போது பகலிலும் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காகவே அது அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. வெயில் கொளுத்தும் நண்பகலில் தகடு இருந்தும் கருவி ஓடவில்லையே என்று திகைக்க வேண்டாம்.

புயலுக்கு இந்தக் கணக்குகள் எதுவும் செல்லாது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் பல சிற்றூர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. எந்த வீட்டுப் பேட்டரியும் அதைத் தாங்காது. சாலையில் மரம் கிடந்தால் சிலிண்டர் வண்டியும் வராது. ஆதலால் கருவியை நம்பி இருப்பவரை, எச்சரிக்கை வந்த நாளிலேயே, மழை வலுக்கும் முன், மின்சாரம் நிலைத்திருக்கக்கூடிய ஊரிலுள்ள உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ அழைத்துச் சென்றுவிடுவதுதான் ஒரே வழி. "இருந்து பார்ப்போம்" என்று இருந்துவிட்டு நள்ளிரவில் ஆம்புலன்ஸ் தேடுவதில் பயனில்லை. அப்படி முன்கூட்டி வருபவரை "இப்போது நன்றாகத்தானே இருக்கிறார்" என்று சொல்லித் திருப்பியனுப்பாதிருப்பது மருத்துவமனைகளின் கடமை.

குடும்பம் மட்டுமே சுமக்க வேண்டிய பொறுப்பாகவும் இதை நான் கருதவில்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உயிர்காக்கும் கருவி உள்ள வீடுகளின் பட்டியலை மின்நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. திட்டமிட்ட மின்நிறுத்தத்தை அந்த வீடுகளுக்கு முன்னதாகத் தெரிவிக்கின்றன. நம் மாநிலத்திலும் மருத்துவரின் சான்றிதழ் ஒன்றைக் கொண்டு இத்தகைய பதிவைச் செய்யும் முறை வர வேண்டும். அதற்குப் பெரும் செலவில்லை. இணைப்பு எண்ணோடு ஒரு குறிப்பைச் சேர்த்தால் போதும். அதுவரை நீங்களே உங்கள் பகுதியின் உதவிப் பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு முறை நேரில் சென்று, கடிதம் ஒன்றைக் கொடுத்து, வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி வாருங்கள். கடிதத்துக்கு வேண்டிய மருத்துவச் சான்றை எங்கள் பிரிவில் கேட்டால் தருவோம். மின்தடைப் புகார்களுக்கான மின்னகம் எண் 94987 94987. கைபேசியில் பதிந்து வைப்பதோடு, கருவியின் மேலேயும் எழுதி ஒட்டுங்கள்.

வீடு திரும்பும்போது நாங்கள் கொடுக்கும் தாளில் மூன்று வரிகளைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம்: கருவி இல்லாமல் தாங்கும் நேரம், கருவியின் வாட் அளவு, மின்சாரம் நின்றால் முதலில் செய்ய வேண்டிய செயல். அடுத்த முறை வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது உங்கள் கருவியின் பின்புறத் தகட்டையும், வீட்டு இன்வெர்ட்டர், பேட்டரி ஆகியவற்றின் முகப்பையும் கைபேசியில் படமெடுத்து வாருங்கள். செவ்வாய், வெள்ளி பிற்பகல்களில் சிலிண்டர் திறக்கும் பயிற்சி தரச் செவிலியர் இருப்பார். நோயாளியை அழைத்து வரத் தேவையில்லை, இரவில் அவருடன் இருப்பவர் வந்தால் போதும்.